ஃபோகஸுக்கு வெளியே நின்றவர்

ஜூன் 11, புதன்

புது வேலை வந்திருக்கிறது. சிறியது. அவிநாசி சாலைப் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதைக் கட்டும் நிறுவனம் எங்கள் ஸ்டுடியோவுக்குப் பழைய வாடிக்கையாளர். இதுவரை அவர்களுக்கு நான் செய்ததெல்லாம் இன்னும் கட்டாத வீடுகளின் படங்கள். கம்ப்யூட்டரில் சுவர் எழுப்பி, ஜன்னல் வழியாக வெயிலை விட்டு, சோபாவில் ஒரு பூனையைப் படுக்கவைத்து விளம்பரத்துக்குக் கொடுப்பேன். இந்த முறை தலைகீழ். நிஜப் புகைப்படத்தை அவர்கள் தருகிறார்கள். அதில் இல்லாத ஒரு பொருளை நான் செய்து வைக்க வேண்டும்.

படம் இப்படி: முன்னால் ஒரு கை. அதில் தேதியும் தளத்தின் எண்ணும் எழுதிய சின்ன வெள்ளைப் பலகை. ஜூன் 3, நான்காம் தளம். சைட் என்ஜினியர் ஜெகதீசன் அன்றன்றைய வேலையைக் காட்ட இப்படித்தான் தன் போனில் எடுப்பாராம். பலகை ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் போன் அதை மட்டும் கூர்மையாகப் பிடித்திருக்கிறது. பின்னால் கட்டடத்தின் விளிம்பு, சாரக் கம்பிகள், வானம் எல்லாம் மங்கல். சாரப் பலகைமேல் நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் நிற்கிறார். அவரும் மங்கல்தான்.

அவருக்குக் கீழே, ஆள் விழுந்தால் தாங்குகிற பாதுகாப்பு வலை வர வேண்டும்.

தயா அண்ணாவிடம் கேட்டேன். ஸ்டுடியோ அவருடையது. கல்லூரி முடித்த கையோடு எனக்கு வேலை கொடுத்தவர். "வலை இப்பக் கட்டியாச்சுன்னா, இப்பவே ஒரு போட்டோ எடுத்துக்கலாமுங்களேண்ணா?"

"அந்தத் தேதி பலகையோட இருக்கிற போட்டோதான் வேணுமாம். அவங்க ஆபீஸ் வழக்கம் என்னமோ. வேற யாரு பண்ணுனாலும் ஒட்டுனது தெரிஞ்சுரும் வாணி. நீ பண்ணுனா தெரியாது."

கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

என் கணவர் ரகுபதிக்கு இரண்டாம் ஷிப்ட். மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பமாக ஊற்றி, தனியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வலை தயார். நைலான் கயிறு, முடிச்சுகள், ஓரத்தில் ஓடும் கெட்டிக் கயிறு, கம்பியில் கட்டிய இடங்களில் சின்னத் தொய்வு. தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. போட்டோவில் வைத்துப் பார்த்தால் கண்ணாடியில் ஒட்டிய பொட்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது.

காரணம் தெரிந்ததுதான். கம்ப்யூட்டர் செய்யும் படத்துக்கு லென்ஸ் கிடையாது. கிட்டே இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே கூர்மையோடு வரைந்துவிடும். நிஜக் கேமரா ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிடும்.

மென்பொருளில் மங்கலாக்க ஒரு பொத்தான் உண்டு. அது ஈரத்துணியால் துடைத்ததுபோல் இழுகிவிடும். லென்ஸ் அப்படி மங்குவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டமாக விரியும். படத்தின் ஓரத்துக்குப் போகப் போக அந்த வட்டம் இரு பக்கமும் நசுங்கி எலுமிச்சம்பிஞ்சு மாதிரி ஆகும். வலையில் எத்தனை முடிச்சோ அத்தனை வட்டம் வேண்டும். நாளைக்கு.

ஜூன் 13, வெள்ளி

வட்டங்கள் சரியாக வந்தும் வலை கறுப்பாகத் தெரிந்தது. மத்தியானம் வரை தலையைப் பிய்த்துக்கொண்டேன். திரையில் இருக்கும் வெள்ளை வேறு, வெளியே இருக்கும் வானத்தின் வெள்ளை வேறு. வெளியே அது பல மடங்கு பிரகாசம். மெல்லிய நூல் மங்கும்போது அந்தப் பிரகாசம் இரண்டு பக்கமும் வழிந்து நூலை விழுங்கிவிடும். வானத்துக்கு அதன் நிஜமான வெளிச்சத்தைக் கொடுத்த பிறகு மங்கலாக்கினேன். நூல்கள் கரைந்து பச்சைப் புகை மாதிரி ஆயின. அதுதான் வேண்டியது.

எந்த அளவுக்கு மங்கலாக்குவது என்பதற்கு அளவுகோல் வேண்டும். வலை வர வேண்டிய அதே தூரத்தில் இருப்பவர் நீலச் சட்டைக்காரர்தான். அவரைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டேன். வலது கை மேலே ஒரு கம்பியைப் பிடித்திருக்கிறது. இடுப்பில் வெள்ளையாக ஏதோ, துண்டாக இருக்கலாம். முகம் என்று எதுவும் இல்லை, பழுப்பாக ஒரு திட்டு. ஒரு காலை லேசாக மடக்கி மற்றக் காலில் கனத்தைப் போட்டு, பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நிற்கிறார். அவர் தோளின் ஓரம் வானத்தில் எப்படிக் கரைகிறதோ அப்படியே வலையின் ஓரத்தையும் கரைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று நிறக் கசிவு. கண்ணாடி வழியாக வரும்போது சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே அளவு வளைவதில்லை. மயிரிழை விலகி விழும். படத்தின் நடுவில் அது தெரியாது. மூலைக்குப் போகப் போக ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசியும். வானத்தை ஒட்டிய கம்பிகளில் ஊதா. ஃபோகஸைத் தாண்டிப் பின்னால் இருக்கும் பொருள்களின் விளிம்பில் லேசான பச்சை. லென்ஸ் செய்பவர்கள் இதை ஒழிக்கத்தான் பாடுபடுகிறார்கள். எனக்கு இதைச் சேர்ப்பது வேலை.

நீலச் சட்டைக்காரரின் தோளிலும் அந்தப் பச்சை விளிம்பு இருக்கிறது. வலையே பச்சை என்பதால் அதற்குத் தனியாகப் போடாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. போட்டேன்.

மாலையில் தயா அண்ணா என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இன்னும் வலை போடலயா நீ?"

"போட்டாச்சுங்கண்ணா."

குனிந்து பார்த்தார். "அட, நான் போட்டோல முன்னாடியே இருந்த ஏதோ துணின்னு நெனச்சேன்."

இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வரும்போது மழை தூறியது. வண்டியை நிறுத்தவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

படம் அனுப்புவதற்கு முன் தயா அண்ணா வந்தார். "போட்டோ ஃபைலுக்குள்ள எடுத்த தேதி, நேரம், போன் மாடல் எல்லாம் இருக்குமல்ல, அது பழையபடியே இருக்கோணுமாம்."

"சேமிச்சா இன்னைக்குத் தேதி விழுந்துருமுங்க."

"பழையதப் போட முடியாதா?"

"முடியும்."

"அப்பப் போட்டுரு."

முடியும் என்று சொன்ன பிறகு போட மாட்டேன் என்று சொல்லக் காரணம் வேண்டும். ஒரு வரிக் கட்டளைதான். போட்டேன். ஜூன் 3, காலை 10.40.

கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

தூக்கம் சரியில்லை. காற்றில் ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. கொக்கி போட வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

ஜெகதீசன் நேரில் வந்தார். படத்தில் பலகையைப் பிடித்திருக்கும் கை அவருடையதுதான், மோதிரத்தை அடையாளம் கண்டுகொண்டேன். மைசூர்பா டப்பா ஒன்று கொண்டுவந்தார்.

"சூப்பருங்க மேடம். எங்க வக்கீலே நம்பிட்டாரு."

வக்கீல் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தயா அண்ணா காபி சொல்ல எழுந்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இன்னொரு படம் வேண்டுமாம், அதே வலை, கீழிருந்து பார்ப்பதுபோல். ஒரே ஒரு படம் மட்டும் இருந்தால் நன்றாக இருக்காதாம். இதற்கு சைட்டுக்குப் போய் வெளிச்சத்தையும் தூரங்களையும் குறித்து வர வேண்டும் என்றேன். செவ்வாய்க்கிழமை போகலாம் என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

சைட்டுக்குப் போனேன். ஜெகதீசன் அங்கே இல்லை, ஏதோ ஆபீஸுக்குப் போயிருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். தொப்பி கொடுத்து உள்ளே விட்டார்.

வலை கட்டியிருந்தது. புத்தம் புதிது. கடையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் அட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. என் வலையில் கண்கள் இதைவிட நெருக்கம்.

வெளிச்சம் எங்கெங்கிருந்து வருகிறது என்று பதிவு செய்ய, பளபளப்பான எஃகு உருண்டை ஒன்றைத் தரையில் வைத்துப் படமெடுப்பது என் வழக்கம். எடுத்தேன். பிறகு நீலச் சட்டைக்காரர் நின்ற இடத்தைத் தேடினேன். அது தெரிந்தால் மற்ற தூரங்களைக் கணக்குப் போட்டுவிடலாம். மணல் அள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். பூங்காவனம் என்று பெயர், திருவண்ணாமலைப் பக்கம்.

"இவரு எந்தத் தூணுக்குப் பக்கத்துல நின்னாருன்னு தெரியுமுங்களா? ஜூன் மூணாந்தேதி எடுத்தது."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "நீ யாரும்மா? போலீசா?"

"இல்லீங்க. கம்ப்யூட்டர்ல படம் வரையறவ."

"வீரமுத்து இது. அன்னிக்கித்தாம்மா வுழுந்து செத்துட்டாரு. சோத்து நேரத்துக்கு முன்னால. தோ, அந்த எடம்." காட்டிய இடத்தில் எம்சாண்ட் மணல் குவித்திருந்தது.

"வலை இருந்துச்சுங்களே?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வலையா? அவர எடுத்துனு போன மறாநாளு லாரியில வந்து எறங்குச்சு வலை. இப்ப இன்னாடான்னா, வலையெல்லாம் அப்பவே கட்டியிருந்துச்சு, அந்தாளு குடிச்சிட்டு வலை இல்லாத பக்கமாப் போயி வுழுந்துட்டான்னு எழுதிக் குடுத்துக்கிறாங்களாம். டீ கூடக் குடிக்க மாட்டாரும்மா அவரு. சங்கத்துலேர்ந்து மரியதாஸுன்னு ஒருத்தர் வந்து எல்லாரையும் கேட்டுனுகிறாரு. வேலை பூடும்னு யாரும் வாயத் தெறக்கல." மண்வெட்டியை மறுபடி எடுத்துக்கொண்டார். "நானுந்தான்."

எந்தத் தூண் என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

ஜூலை 2, புதன்

தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்திலும் பிடித்துவைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

தயா அண்ணாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமுங்களாண்ணா?"

எது என்று அவர் கேட்கவில்லை. "மொதல்ல தெரியாது. தேதிய மாத்தச் சொன்னப்பத் தெரிஞ்சுது."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ செஞ்சிருக்க மாட்ட." மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்திவைத்தார். "இங்க ஆறு பேரு இருக்கோம் வாணி. பாதி வேலை அவங்களோடது."

நான் எழுந்தேன். அவர் கேட்டார், "தேதி போடச் சொன்னப்ப உனக்கு ஒண்ணுமே தோணலயா?"

வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினேன்.

ஜூலை 5, சனி

சமையலறைப் பரண் முழுவதையும் இறக்கித் துடைத்தேன். அடியில் இரண்டு குக்கர் கைப்பிடிகள் கிடந்தன. எந்த குக்கருடையவை என்று தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

இரண்டாவது படம் கேட்டு ஜெகதீசன் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மென்பொருள் தகராறு என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய வேலையைத் திறந்தேன். வலை தனி அடுக்கில் இருக்கிறது. அதை அணைத்தால் போய்விடும், போட்டால் வந்துவிடும். அணைத்தேன். போட்டேன். அணைத்தேன். அவர் இரண்டிலும் ஒரே மாதிரிதான் நிற்கிறார்.

ஜூலை 14, திங்கள்

ரகுபதியிடம் சொன்னேன். அவர் பம்ப் கம்பெனியில் தரச் சோதனை பார்க்கிறார். தட்டில் கையை வைத்தபடி முழுவதும் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தாளு ஊரு எது?"

"தெரியாதுங்க."

"கொழந்த குட்டி இருக்கா?"

"தெரியாது."

"ஒரு மாசமா அந்தாளப் பாத்துட்டு இருந்திருக்க," என்றார். பிறகு, "அதையாவது மொதல்ல கேளு வாணி. மத்ததப் பொறகு யோசிக்கலாம்."

தட்டைக் கழுவியது அவர்தான்.

ஜூலை 18, வெள்ளி

மரியதாஸின் எண்ணைக் கண்டுபிடித்தேன். மணி அடித்தது. அவர் எடுத்ததும் வைத்துவிட்டேன். உடனே அவரே திரும்ப அழைத்தார். "யாருங்க, சத்தமே இல்ல?" என்றார். சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஜூலை 21, திங்கள்

கட்டடத் தொழிலாளர் சங்க அலுவலகம் காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில். மரியதாஸுக்கு ஐம்பது வயதிருக்கும், முழங்கையில் பழைய தழும்பு, கம்பி கட்டும் வேலை பார்த்தவராம். பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வீரமுத்துவின் மனைவி செவ்வந்தி. இவர் இருப்பார் என்று மரியதாஸ் எனக்கு முன்பே சொல்லவில்லை.

சங்கராபுரம் பக்கம் ஊர். ஒரே மகள், ஆறாவது படிக்கிறாள். ரகுபதி கேட்ட இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

நான் செய்ததைச் சொன்னேன். செவ்வந்தி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரியதாஸ் சொன்னார், "சாட்சி சொன்னீங்கன்னா வேலை போயிரும். அது மட்டுமில்ல. தேதியத் திருப்பிப் போட்டது நீங்கதான். உங்க மேலயும் கேஸ் வரலாம். முன்னாடியே சொல்லிடறேன், பின்னால நான் மறைச்சேன்னு இருக்கக் கூடாது."

"தெரியுமுங்க."

அப்போதுதான் செவ்வந்தி வாயைத் திறந்தார். "பணம் குடுக்கட்டும், குடுக்காம போவட்டும். எம்மவளப் பள்ளிக்கூடத்துல, ஒங்கப்பன் குடிச்சிட்டு வுழுந்தானாமேன்னு கேக்குறாளுவ. அவ எங்கிட்ட வந்து, அப்பா குடிக்குமாம்மான்னு கேக்குறா. வூட்ல இருந்தவளே கேக்குறா பாரு. எழுதிட்டாங்க இல்ல, அதான். எழுதிட்டா நெசமாயிடுது."

என்னைத் திட்டவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஜூலை 25, வெள்ளி

தயா அண்ணாவிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். மூலப் படமும் வேலைக் கோப்புகளும் வேண்டும் என்றும் சொன்னேன். அவை ஸ்டுடியோவின் சொத்து.

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பிறகு சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"நான் டீ குடிக்கப் போறேன். வர ஒரு மணி நேரம் ஆகும். திரும்பி வரப்ப உன்ற சேர் காலியா இருக்கோணும்."

வேலையை விட்டு நீக்குகிறாரா, எடுத்துக்கொள்ளச் சொல்கிறாரா என்று யோசித்தேன். இரண்டும்தான். பிரதி எடுக்கப் பாதி நேரம்கூட ஆகவில்லை. மீதி நேரத்தில் என் மேசையைத் துடைத்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வீட்டில் இருக்கிறேன். ஜன்னலுக்குக் கொக்கி போட ஆள் வந்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

தொழிலாளர் துறையில் இழப்பீட்டு விசாரணை. பெரிய நீதிமன்ற அறையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சாதாரண அலுவலக அறை. பீரோக்கள், ஒரு நீள மேசை, சத்தம் போடும் மின்விசிறி. விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மா, ஜலதோஷம் போலிருக்கிறது, கைக்குட்டையும் கையுமாக இருந்தார். கம்பெனி தரப்பில் வக்கீலும் ஜெகதீசனும். இந்தப் பக்கம் மரியதாஸ், சங்கத்தின் வக்கீல், செவ்வந்தி.

அதிகாரி கேட்டார், "சம்பவத்தன்னிக்கு வலை இருந்துதா இல்லையான்னு நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"இல்லைங்க மேடம். அந்தப் படத்துல இருக்கிற வலைய நான் செஞ்சேன்."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வலையை அணைத்துக் காட்டினேன். அறையில் யாரோ செருமினார்கள். தேதியை நான்தான் திருப்பிப் போட்டேன் என்பதையும் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். அவர் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. "அம்மா, நீங்க உங்க தொழில்ல ரொம்பக் கெட்டிக்காரங்கன்னு கேள்விப்பட்டேன். இல்லாத வலையை இருக்கிற மாதிரி காட்ட முடியும்னா, இருக்கிற வலையை இல்லாத மாதிரியும் காட்ட முடியும் இல்லையா?"

"முடியுமுங்க."

"இப்ப உங்களுக்கு வேலை இல்லை. முதலாளி மேல வருத்தம் இருக்கு. எங்க கட்சிக்காரர் குடுத்த நிஜப் போட்டோவுல இருந்த வலையை அழிச்சுட்டு, இதுதான் மூலப் படம்னு கொண்டுவந்திருக்கீங்கன்னு நான் சொல்றேன். இரண்டுலயும் தேதி ஒண்ணுதான். எது மூலம், எது நகல்னு இந்த மேடத்துக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. மரியதாஸ் என்னைப் பார்த்தார். செவ்வந்தி வக்கீலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸைக் கையில் எடுத்தேன்.

"மேடம், போட்டோல இருக்கிற எதையும் இந்தப் பக்கமிருந்து மட்டுந்தான் பார்க்க முடியும். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால என்ன இருக்குன்னு என்னால காட்ட முடியாது. அந்த ஆளோட முதுகை என்னால காட்ட முடியாது. கேமரா அதைப் பார்க்கல." போட்டோவை மறைத்துவிட்டு வலையை மட்டும் திரையில் வைத்தேன். "இந்த வலை போட்டோல இருந்து வந்ததா இருந்தா, இதுக்கும் மறுபக்கம் இருக்கக் கூடாது."

வலையைத் திருப்பினேன். பக்கவாட்டில், பிறகு முழுவதுமாக. பின்பக்கத்து முடிச்சுகள், கம்பியைச் சுற்றிக் கட்டிய கயிற்றின் வால், எல்லாம் தெரிந்தன. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அவற்றைச் செய்திருந்தேன். அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இதை வேற இடத்துல வைக்க முடியுமா?"

"எங்க வேணுங்க?"

"மேல. ஆறாவது மாடியில."

வைத்தேன். அந்த உயரத்தில் படத்தின் ஓரம் நெருங்குவதால் வட்டங்கள் நசுங்க வேண்டும், நிறக் கசிவு கூட வேண்டும். கணக்கு ஓடி முடியும் வரை மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. படம் வந்தது. ஆறாவது மாடியில் ஒரு பாதுகாப்பு வலை, மங்கலாக, ஊதா விளிம்போடு, எப்போதும் அங்கேயே இருந்ததுபோல். நான்காம் தளத்தில் அவருக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மறுபடி நாலாவதுக்குக் கொண்டாங்க."

கொண்டுவந்தேன். கம்பெனி கொடுத்திருந்த பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாக ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தியது. ஜெகதீசனைப் பார்த்து, "அன்னிக்கு எடுத்த உங்க போன் எங்க?" என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றார் அவர். எப்போது என்று அதிகாரி கேட்டார். கம்பெனி வக்கீல் ஜெகதீசனின் கையைத் தொட்டார்.

வெளியே வந்ததும் மரியதாஸ் எல்லாருக்கும் டீ வாங்கினார். செவ்வந்தி டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எம்மா, அந்தப் பொட்டியில அவர நல்லாப் பெருசாக் காட்டுனியே. அதுதான் கடைசியா எடுத்தது. அவரு போட்டோவே வூட்ல சரியா இல்ல. ஆதாருல இருக்கிறது அவரு மாதிரியே இருக்காது. இதத் தெளிவா ஆக்கித் தர முடியுமா?"

முடியும் என்று சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்ட ஒன்று. டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"முடியாதுங்க. கேமரா அவர் முகத்தைப் பிடிக்கல. நான் தெளிவாக்கினா அது நான் போட்ட முகமா இருக்கும். யாரோ ஒருத்தர் மாதிரி இருக்கும்."

"வலை மாதிரியா?"

"ஆமாங்க. வலை மாதிரி."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "அப்ப மங்கலா இருக்குதே, அது நெசமா அவருதான?"

"அது அவர்தாங்க."

"அதையே குடு. நிக்கிறதப் பாத்தாலே தெரியுது, கால அப்பிடித்தான் மடக்கினு நிப்பாரு. அந்தக் கை மட்டும் வாணாம், பலகைய வச்சினு இருக்குதே, அது. வெட்டிடு."

செப்டம்பர் 12, வெள்ளி

காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். ரகுபதி லீவு போட்டுவிட்டு வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். என்மேல் வழக்கு உண்டா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாதாம். வரும் வழியில் சுண்டைக்காய் கிடைத்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

பல் மருத்துவர்களுக்குப் பல் அச்சு வடிவமைக்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே எதையும் மங்கலாக்க வேண்டியதில்லை. தயா அண்ணா ஆபீஸில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்களாம். அங்கிருந்த பையன்கள் யாரும் என் போனை எடுப்பதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. மரியதாஸ் போனில் படித்துக் காட்டினார். சம்பவ நேரத்தில் பாதுகாப்பு வலை இல்லை. நிறுவனம் தாக்கல் செய்த புகைப்படம் ஏற்கத்தக்கதல்ல. இறந்தவர் மது அருந்தியிருந்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கம்பெனி மேல்முறையீடு போகும் என்றார். பூங்காவனமும் இன்னும் இரண்டு பேரும் காவல் நிலையத்தில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம்.

அந்த மூன்றாவது வரியை மட்டும் செவ்வந்தி மூன்று பிரதி கேட்டாராம். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று.

அக்டோபர் 11, சனி

மூலப் படத்தில் கையையும் பலகையையும் வெட்டினேன். அவற்றோடு தேதியும் போய்விட்டது. மிச்சம் இருப்பது வானம், கட்டடத்தின் விளிம்பு, ஒரு சாரப் பலகை, அதன்மேல் அவர். வேறு எதையும் தொடவில்லை.

கிராஸ்கட் சாலையில் ஒரு போட்டோ லேபுக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் திரையில் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஃபோகஸே இல்லீங்களே மேடம். விளிம்பெல்லாம் பச்சை அடிக்குது. இப்பல்லாம் சாஃப்ட்வேர் இருக்குதுங்க, முகமெல்லாம் ஜம்முனு வந்துரும். ரெண்டே நிமிஷம். பண்ணிரட்டுமா?"

"வேண்டாங்க," என்றேன். "அப்படியே போடுங்க."